கீழ்ப்பாக்கம் முதல் வட்ட மருத்துவமனை வரை: அரசு மனநலச் சேவையில் எது சாதனை?



மனநோயால் பாதிக்கப்பட்ட தம் அண்ணனை வாழ்நாளெல்லாம் பராமரித்த ஓர் அம்மையாரின் நினைவாக அவருடைய மக்கள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. அரசு மருத்துவமனையில் தம் அண்ணனைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களையும் வார்டு பணியாளர்களையும் பற்றி அந்த அம்மையார் கடைசிவரை நன்றியோடு பேசுவார் என்று குடும்பத்தார் என்னிடம் சொன்னார்கள். மனநலச் சமூகப் பணியாளராக அரசுப் பணியில் இருந்தவன் என்ற முறையில், இவ்வாண்டுச் சொற்பொழிவை அந்த ஊழியர்களைப் பற்றியே அமைத்துக்கொண்டேன். அவர்கள் செய்வது என்ன, அதில் எதைச் சாதனை என்று சொல்ல வேண்டும், அந்தச் சாதனை தொடர நாம் என்ன செய்ய வேண்டும் என்பவையே என் பேச்சின் மூன்று பகுதிகள்.

ஓர் இதய மருத்துவமனையில் அரிய அறுவை சிகிச்சை நடந்தால் மறுநாள் நாளிதழில் மருத்துவரின் படம் வரும். மனநல மருத்துவமனை செய்திக்கு வருவது பெரும்பாலும் நோயாளி தப்பிவிட்டார், மோதல் நடந்தது, சுவர் இடிந்தது என்றுதான். சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே ஏளனத்துக்குப் பயன்படுத்தப் பழகியிருக்கிறோம். திரைப்படங்களும் அதை வளர்த்தன. அங்கே வேலை பார்க்கிறேன் என்று உறவினர் வீட்டுத் திருமணத்தில் சொல்லத் தயங்கும் ஊழியர்களை எனக்குத் தெரியும். நோயாளியின் மேல் விழும் இழிவு அவரைப் பராமரிப்பவர் மேலும் விழுகிறது. இதனால்தான் இவர்களுடைய நல்ல செய்திகள் வெளியே வருவதில்லை.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு நீண்டது. 1794-இல் வாலண்டைன் கோனொலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் புரசைவாக்கம் பகுதியில் ஒரு காப்பகம் நடத்தத் தொடங்கினார். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள இடத்துக்கு மாறியது. 1922-இல் அரசு மனநோய் மருத்துவமனை என்ற பெயர் வந்தது. 1978-இல் மனநல நிலையம் ஆயிற்று. காவலில் வைக்கும் இடமாகத் தொடங்கியது மருத்துவமனையாகி, பிறகு பயிற்சியும் ஆய்வும் நடக்கும் நிலையமாக வளர்ந்தது. பெயரை அரசாணை மாற்றியது. உள்ளே நடப்பதை மாற்றியவர்கள் ஊழியர்கள்.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் மருத்துவர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். மங்களூரில் 1923-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் மனநல மருத்துவப் பயிற்சி பெற்றவர். 1961-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்று 1978 வரை அதிலிருந்தார். 1992-இல் பத்மபூஷண் பெற்றார். தமிழ்நாடு அரசின் ஔவையார் விருதும் அவருக்குக் கிடைத்தது. 2021 டிசம்பரில், தம் 98-ஆவது வயதில் மறைந்தார்.

விருதுகளை விட முக்கியமானவை இரண்டு. ஒன்று, மனநல மருத்துவத்தைக் கீழ்ப்பாக்கத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே கொண்டுபோனது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு வேண்டும் என்று அவர் விடாமல் வற்புறுத்தினார். திருநெல்வேலியில் ஒருவருக்கு மனம் கலங்கினால் சென்னைக்கு ரயிலேற்றிக்கொண்டு வரவேண்டியதில்லை என்ற நிலை அப்படித்தான் உருவாகத் தொடங்கியது. இரண்டாவது, மாத்திரையோடு வேலையும் வேண்டும் என்றது. நோயின் வேகம் தணிந்த பிறகு ஒருவர் நாள் முழுவதும் கட்டிலில் உட்கார்ந்திருந்தால் அவர் தேறியவர் ஆகமாட்டார் என்பதை உணர்ந்து, மருத்துவமனைக்குள்ளேயே தொழிற்பயிற்சிக்கு வழிசெய்தார். ஓய்வு பெற்றபின் 1984-இல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனம் அந்தப் பணியின் தொடர்ச்சியே.

இன்னொரு அரசு மருத்துவரையும் இங்கே நினைக்க வேண்டும். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவராக இருந்த வித்யா சாகர், நோயாளியின் குடும்பத்தாரையும் உடன் தங்கச் சொன்னார். தங்க இடமில்லை. இராணுவத்திடம் கூடாரங்களை வாங்கி வளாகத்தில் அடித்தார். பகலெல்லாம் குடும்பத்தார் நோயாளியின் பக்கத்திலிருந்து, நோய் என்ன, அதை எப்படிச் சமாளிப்பது என்று கற்றுக்கொண்டார்கள். மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்தால்தான் குணமாகும் என்று மேலைநாட்டில் பலர் எண்ணியிருந்த காலம் அது. ஓர் அரசு ஊழியர், கையில் பணம் இல்லாமல், இருப்பதைக் கொண்டு செய்த மாற்றம் அது.

இவர்கள் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள். இவர்கள் சொன்னதை நாள்தோறும் நடத்திக்காட்டுபவர்கள் பெயர் தெரியாதவர்கள். அவர்களுடைய வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

இரவு உணவு முடிந்து மாத்திரை கொடுக்கும் நேரம். செவிலியர் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு உரிய மாத்திரை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்து, “தாத்தா, வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க” என்று பார்த்த பிறகே அடுத்தவரிடம் போகிறார். கன்னத்துக்குள் மாத்திரையை ஒதுக்கிக்கொள்பவர்கள் உண்டு. ஏன் ஒதுக்குகிறார் என்று கேட்பதுதான் நல்ல செவிலியரின் அடையாளம். விழுங்கினால் கை நடுங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, உட்கார முடியவில்லை என்று அவர் சொல்லக்கூடும்.

இந்த ‘உட்கார முடியவில்லை’ என்பதைக் கவனிக்க வேண்டும். மனநோய் மருந்துகள் சிலவற்றால் சிலருக்குக் கால்களில் தாங்க முடியாத பரபரப்பு உண்டாகும். வார்டில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே இருப்பார். பார்ப்பவருக்கு நோய் முற்றியதுபோலத் தோன்றும். அப்படி நினைத்து மருந்தைக் கூட்டினால் துன்பமும் கூடும். “டாக்டர், நேற்று ஊசி போட்ட பிறகுதான் இவர் இப்படி நடக்கிறார், அதற்கு முன் இல்லை” என்று மறுநாள் காலை ரவுண்ட்ஸில் செவிலியர் சொல்லும் ஒரு வாக்கியம் சிகிச்சையின் திசையையே மாற்றிவிடும். அவரைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் மட்டுமே அதைச் சொல்ல முடியும்.

லித்தியம் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிடும் ஒருவருக்குக் கோடைக்காலத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால், உடலில் மருந்தின் அளவு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். குளோசபின் என்ற மருந்தைச் சாப்பிடுபவருக்கு இரத்த வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் உடனே பார்க்க வேண்டும். அதே மருந்து கடுமையான மலச்சிக்கலையும் உண்டாக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் குடல் அடைபட்டு இறந்துபோகவும் கூடும். ஒருவர் மூன்று நாளாக மலம் கழிக்கவில்லை என்பது யாருக்குத் தெரியும்? கழிவறைக்கு அழைத்துச் செல்லும் வார்டு ஆயாவுக்குத் தெரியும். அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதும் வழக்கம் உள்ள வார்டில் அந்த உயிர் பிழைக்கும். ஆயாம்மா சொன்னதை யாரும் பொருட்படுத்தாத வார்டில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, ஊர் கண்டுபிடிக்கும் வேலை. ரயில் நிலையத்திலும் கோயில் வாசலிலும் அலைந்துகொண்டிருந்து, காவல்துறை வழியாக மருத்துவமனைக்கு வந்தவர்கள் பலர். வரும்போது பேர்கூடச் சொல்லமாட்டார்கள். சிகிச்சையில் மெல்லத் தெளிவு வரும்போது துண்டுதுண்டாக ஏதாவது சொல்வார்கள்: ஓர் ஆற்றின் பெயர், படித்த பள்ளி, வீட்டுப் பக்கத்தில் இருந்த சர்க்கரை ஆலை. சமூகப் பணியாளர் அந்தத் துண்டுகளைச் சேர்த்து எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்று ஊகித்து, அந்த வட்டாரக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசுவார். மொழி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடிப்பார். முதல் அழைப்பில் பெரும்பாலும் பதில் கிடைக்காது. ஊர்த்தலைவர், அஞ்சல்காரர், மளிகைக் கடைக்காரர் என்று ஆள் மாற்றி ஆளாகப் பேசிப் பேசித்தான் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியும். இறந்துவிட்டார் என்று காரியம் செய்து முடித்த வீடுகளும் உண்டு. இப்போது கைப்பேசியில் முகம் பார்த்துப் பேச முடிவதால், அந்தப் பக்கம் தாய் அழுவதையும் இந்தப் பக்கம் மகன் தலைகுனிந்து நிற்பதையும் ஊழியர்கள் பார்க்கிறார்கள்.

ஊர் கண்டுபிடித்தால் வேலை முடிந்துவிடாது. ‘அங்கேயே இருக்கட்டும்’ என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. வறுமை, பயம், அக்கம்பக்கத்தாரின் பேச்சு, தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்ற கவலை என்று அவர்களுக்கும் காரணங்கள் உண்டு. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் ஊழியரால் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. மருந்து எங்கே கிடைக்கும், ஊனமுற்றோர் சான்றிதழ் எப்படி வாங்குவது, மாத உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது, மீண்டும் நோய் தலைதூக்கினால் முதல் அடையாளம் என்னவாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து அவர்களின் பயத்தைக் குறைத்த பிறகே கதவு திறக்கும். அரசு மனநல மருத்துவமனைகளில் 2018 வாக்கில் நாடளவில் நடந்த ஓர் ஆய்வில், உள்நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஓராண்டைத் தாண்டியும் அங்கேயே இருப்பது தெரியவந்தது. இவர்களில் ஒவ்வொருவருக்கும் இந்த வேலையை யாராவது ஒருவர் செய்தாக வேண்டும்.

அடுத்தது, உள்ளே இருப்பவர்களின் உரிமையைப் பெற்றுத்தரும் வேலை. 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மனநல நிலைய வளாகத்திலேயே வாக்குச்சாவடி அமைந்தது. உள்நோயாளிகள் 150-க்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். நீதிமன்றம் ஒருவரைச் சித்தசுவாதீனமற்றவர் என்று அறிவித்தால் ஒழிய அவருடைய வாக்குரிமை போகாது என்பதே சட்டம். மனநல மருத்துவமனையில் இருப்பதால் மட்டும் அது பறிபோவதில்லை. சட்டம் இப்படிப் பல்லாண்டுகளாக இருந்தும், பட்டியலில் பேர் சேர்க்க யாராவது முன்வந்தால்தானே அது நடக்கும்? ஒவ்வொருவரிடமும் பேசி, அவருக்கு விவரம் புரிகிறதா என்று பார்த்து, படிவம் நிரப்பி, முகவரிச் சான்றுக்கு அலைந்து, வாக்களிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தால்தான் விரலில் மை படும். 2022 அக்டோபரில், அங்கே சிகிச்சை பெற்றுத் தேறிய இருவர் திருமணம் செய்துகொண்டார்கள். அமைச்சரே நேரில் வந்து நடத்திவைத்தார். அந்த இருவரின் துணிவைப் பாராட்டுவோம். அவர்களுக்கு அந்த எண்ணம் வரும் அளவுக்கு நம்பிக்கை கொடுத்த வார்டு ஊழியர்களையும் சேர்த்துப் பாராட்டுவோம்.

பயிற்சி பெற்ற ஊழியர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 2001 ஆகஸ்டு 6 விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலி போட்டவர்கள் கொடியவர்கள் என்று சொல்லி நாம் கடந்துபோய்விடக் கூடாது. குடும்பங்கள் ஏன் தங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டன? பக்கத்தில் மருத்துவர் இல்லை, செவிலியர் இல்லை, மாத்திரை இல்லை, நோய் என்னவென்று சொல்ல ஆள் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் சங்கிலி வந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் மாவட்ட மனநலத் திட்டம். 1982-இல் தேசிய மனநலத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதைச் செயலாக்கும் வழியை 1985 முதல் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் குழு சோதித்துப் பார்த்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் கிராம சுகாதாரப் பணியாளருக்கும் பயிற்சி கொடுத்தால், பெரும்பாலான நோயாளிகளை ஊரிலேயே பார்க்க முடியும் என்று தெரிந்தது. அதன் அடிப்படையில் 1996-இல் மாவட்டத் திட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கி, ஏர்வாடிக்குப் பிறகு வேகம் பெற்று, இன்று எல்லா மாவட்டங்களுக்கும் பரவியிருக்கிறது. ஏர்வாடியிலேயே, அவ்வூர்த் தர்காவுக்கு வேண்டுதலுக்கு வருபவர்களைத் தடுக்காமல், அவர்களுக்கு அங்கேயே மருத்துவமும் கிடைக்கும்படி ‘தவா – துவா’ (மருந்து – வேண்டுதல்) என்ற ஏற்பாடு பின்னாளில் வந்தது. வேண்டுதலும் நடக்கட்டும், மாத்திரையும் உள்ளே போகட்டும் என்று மக்களின் நம்பிக்கையைப் புண்படுத்தாமல் பேசத் தெரிந்த ஊழியர்கள் இல்லாமல் அது ஒரு நாளும் நடக்காது.

இந்தத் திட்டம் எப்படி நடக்கிறது என்று அறிய, வட்ட மருத்துவமனையில் மனநல ஓ.பி. நாளன்று போய்ப் பாருங்கள். ஒரு மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்று ஒரு சின்னக் குழு. வராண்டாவில் காலை முதலே வரிசை. பஸ் பிடித்து வந்த தாய், மருந்துச் சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கும் கணவன், ஊசி போட்டுக்கொண்டு அப்படியே வேலைக்குப் போகவேண்டிய கொத்தனார். அன்று வராதவர்கள் யார் என்று பதிவேட்டைப் பார்த்து மாலையில் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பேசுகிறார் சமூகப் பணியாளர். “ஏன் தம்பி வரலை? மாத்திரை இருக்கா? தூக்கம் எப்படி?” என்னைக் கேட்டால், அந்த மாலை நேரத் தொலைபேசி அழைப்புதான் மாவட்ட மனநலத் திட்டத்தின் உயிர் என்பேன்.

நீண்ட காலத் தொடர்பு எவ்வளவு மதிப்புடையது என்பதைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு உலகுக்குக் காட்டியது. 1980-களின் தொடக்கத்தில் சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு மனச்சிதைவு நோயோடு முதன்முதலாக வந்த 90 பேரை ஆய்வாளர்கள் பத்தாண்டு, இருபதாண்டு, அதற்கு மேலும் விடாமல் தொடர்ந்தார்கள். மருத்துவர் ஆர். தாரா முதலியோர் நடத்திய அந்த ஆய்வு, மனச்சிதைவு என்றால் வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணத்தைத் தகர்த்தது. வேலைக்குப் போனவர்கள், மணமுடித்தவர்கள், பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். உலக இதழ்களில் கட்டுரைகள் வந்தன. வீடு மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மாநகரத்தில் முகவரி தேடி அலைந்து, கதவைத் தட்டி, “எப்படி இருக்கீங்க?” என்று ஆண்டுக்கணக்கில் கேட்டவர்களின் உழைப்பு அந்தக் கட்டுரைகளின் ஒவ்வொரு எண்ணிலும் இருக்கிறது.

அப்படிப்பட்ட தொடர்ச்சியை நம் மாவட்டக் குழுக்களுக்குக் கொடுக்கிறோமா? திட்டத்தின் ஊழியர் பலர் ஒப்பந்தப் பணியில் இருப்பவர்கள். வேறு நிரந்தர வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றாண்டாக ஒரே முகத்திடம் மனம்விட்டுப் பேசிய நோயாளி, புதிய முகத்தைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார். மாத்திரையும் நின்றுவிடுகிறது. 2015-16-இல் 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதையும், நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சை பெறாமல் இருப்பதையும் காட்டியது. இவ்வளவு பெரிய இடைவெளியை ஒப்பந்தம் முடிந்து மாறிக்கொண்டே இருக்கும் ஊழியர்களைக் கொண்டு அடைக்க முடியாது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமைகளைத் தெளிவாக எழுதியிருக்கிறது. யாரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது. வலுக்கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. சொந்த உடை உடுத்த விரும்பினால் தடுக்கக் கூடாது. வேலை வாங்கினால் உரிய ஊதியம் தர வேண்டும். மயக்க மருந்து கொடுக்காமல் மின்னதிர்வு சிகிச்சை செய்யக் கூடாது. இவற்றில் ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு வார்டு ஊழியரின் கையில்தான் இருக்கிறது. எண்பது பேருக்கு இரண்டு பேர் காவல் நிற்கும் இரவில், கொந்தளிக்கும் ஒருவரைக் கட்டிப்போடாமல் பேசிப்பேசி அமைதிப்படுத்த நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும். இவற்றைக் கொடுக்காமல் சட்டத்தைச் சுவரில் மாட்டிவைப்பதால் பயன் இல்லை.

ஆகவே எதைச் சாதனை என்று எண்ண வேண்டும்? என் கருத்தில் நான்கு கணக்குகள் வேண்டும். இவ்வாண்டு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், அவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் வீட்டிலேயே நலமாக இருக்கிறார்கள் என்பது முதல் கணக்கு. ஒருவரைக் கட்டிவைக்க நேர்ந்த தடவைகள் சென்ற ஆண்டைவிட எவ்வளவு குறைந்தன என்பது இரண்டாவது. சிகிச்சைக்கு வந்து இடையில் நின்றவர்களில் எத்தனை பேரை ஊழியர்கள் மீண்டும் அழைத்துவந்தார்கள் என்பது மூன்றாவது. ஒரு நோயாளிக்கு எத்தனை ஆண்டு அதே ஊழியர் துணையாக இருக்க முடிந்தது என்பது நான்காவது. ஒவ்வொரு மருத்துவமனையும் மாவட்டக் குழுவும் இவற்றை ஆண்டறிக்கையில் ஊழியர் பெயரோடு வெளியிடட்டும். ஓய்வுபெறும் வார்டு ஆயாவின் பெயரும் அதில் இருக்கட்டும். குடியரசு நாளில் ஆட்சியர் கையால் தரும் நற்சான்றிதழ்ப் பட்டியலில் மனநலக் குழுவுக்கும் இடம் இருக்கட்டும். ஒப்பந்தப் பணியிடங்களை நிரந்தரமாக்கட்டும். வார்டு பணியாளருக்கு முறையான பயிற்சியும் அதற்குரிய ஊதிய உயர்வும் தரட்டும்.

அரசுக்குச் சொன்னேன். அவையோருக்கும் சொல்ல இருக்கிறது. மனநோயிலிருந்து தேறிவந்தவருக்கு வீடு வாடகைக்குக் கொடுங்கள். உங்கள் கடையில், பட்டறையில், அச்சகத்தில் வேலை கொடுங்கள். தெருவில் அலையும் ஒருவரைப் பார்த்தால் கல்லெறியும் பிள்ளைகளைத் தடுத்து, காவல் நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ தெரிவியுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கேனும் மனம் தளர்ந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 முதல் இயங்கும் அந்தச் சேவையில் பயிற்சி பெற்றவர்கள் தமிழிலேயே பேசுவார்கள்.

செவிலியர் கல்லூரி மாணவிகளுக்கும் சமூகப்பணி மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனநல வார்டுப் பயிற்சியை எப்படியாவது கழித்துவிட வேண்டிய சில வாரங்களாக நினைக்காதீர்கள். அறிவும் பொறுமையும் நெஞ்சுரமும் உள்ளவர்கள் தேவைப்படும் பணி அது. உங்களில் சிலராவது படிப்பை முடித்ததும் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்து, அரசுப் பணிக்கு வாருங்கள், வந்து நிலைத்து நில்லுங்கள். இந்த அம்மையாரின் அறக்கட்டளைக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த மரியாதை அதுவே.